ரஷ்யாவும் ஐரோப்பிய கவுன்சிலும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஐரோப்பிய கவுன்சிலும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கவுன்சில் 1949-இல் தொடங்கியது. தலைமையகம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறது. மனித உரிமை, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி இவைதான் அதன் வேலை. ரஷ்யா ஒன்றியத்தில் இருந்ததே இல்லை. கவுன்சிலில் 26 ஆண்டுகள் இருந்தது.

கேள்வி: 1996-இல், ரஷ்யாவிலிருந்து பிரிய முயன்ற செச்சன்யாவில் போர் நடக்கும்போதே ரஷ்யாவைக் கவுன்சிலில் சேர்த்தார்களே, கண்ணை மூடிக்கொண்டார்களா?

பதில்: தெரிந்தேதான் சேர்த்தார்கள். உள்ளே வந்தால் கொஞ்சமாவது திருத்தலாம் என்ற நம்பிக்கை. அதில் பலனும் இருந்தது. மரண தண்டனை நிறைவேற்றுவது நின்றது. 1998 முதல் சாதாரண ரஷ்யர்கள் தங்கள் அரசின் மீதே, கவுன்சிலைச் சேர்ந்த ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது. செச்சன்யாவில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு உள்ளூரில் நியாயம் கிடைக்கவில்லை. அவர்களுடைய வழக்குகளில் ரஷ்ய அரசுதான் பொறுப்பு என்று 2005-இல் முதன்முதலாகத் தீர்ப்பு சொன்னது அந்த நீதிமன்றம்தான். கொன்றவர்கள் பெரும்பாலும் தண்டிக்கப்படவில்லை, உண்மை. ஆனாலும் நடந்தது இன்னது என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்தது அந்தக் குடும்பங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: சரி, எங்கே சறுக்கியது?

பதில்: என் கணிப்பில் 2019-இல். உக்ரைனின் கிரிமியாவை இணைத்துக்கொண்டதற்காக 2014-இல், உறுப்பு நாடுகளின் எம்.பி.க்கள் கூடும் கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை ரஷ்யாவின் வாக்குரிமையை நிறுத்தியது. 2017-இல் ரஷ்யா சந்தா கட்டுவதை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 33 மில்லியன் யூரோ. கிரிமியாவிலிருந்து ஓர் அடிகூட அது பின்வாங்காத நிலையில், 2019 ஜூனில் பேரவை அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. உக்ரைன் பிரதிநிதிகள் வெளிநடப்பு செய்தார்கள். ரஷ்யா வெளியேறினால் அதன் குடிமக்களுக்கு நீதிமன்றக் கதவு மூடிவிடும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ரஷ்யாவோடு பேசியதில் தவறே இல்லை. பணத்தை நிறுத்தினால் ஐரோப்பா இறங்கிவரும் என்று மாஸ்கோவுக்குக் காட்டியதுதான் தவறு. சிறையில் இருந்த ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியை விடுவிக்கச் சொல்லி 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டபோது மாஸ்கோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி: இப்போது ரஷ்ய மக்கள் எங்கே முறையிடுவது?

பதில்: உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் 2022 மார்ச் 16-இல் ரஷ்யாவை வெளியேற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 16-க்கு முன் நடந்தவற்றை மட்டுமே நீதிமன்றம் விசாரிக்கும். அன்றைக்கு ரஷ்யா மீது நிலுவையில் இருந்தவை சுமார் 17,000 மனுக்கள். இனி வரும் தீர்ப்புகளை நிறைவேற்ற மாட்டோம் என்று ரஷ்யா சட்டமே போட்டுவிட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் மனு அனுப்பும் வழி மிச்சம் இருக்கிறது. அதன் கருத்துகளுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு கிடையாது.