காப் 60 வினாடி அறிக்கை 4ஜி அட்டைப் பெட்டிக்குப் போதுமா?

கேள்வியின் சாரம் இது. அபாயகரமான சரக்குகளுக்கான 4ஜி (ஐ.நா. பொதியல் குறியீட்டில் அட்டைப் பெட்டியைக் குறிப்பது) நெளி அட்டைப் பெட்டிகளைத் தயாரிக்கும் ஒருவருக்கு, கிராஃப்ட் தாள் ஆலை ‘காப் 60 வினாடி: சதுர மீட்டருக்கு 30 கிராம்’ என்று அறிக்கை அனுப்புகிறது. காப் என்பது, குறித்த நேரத்தில் தாள் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளக்கும் சோதனை. விதி 155 கிராம் வரை அனுமதிப்பதால் 30 கிராம் தாள் எளிதாகத் தேறிவிடும், தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். அட்டை, தாள் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு எண்களும் ஒரே கருவியில் கிடைப்பவைதான். ஆனால் ஒன்று 60 வினாடிக்கு உரியது, மற்றொன்று 30 நிமிடத்துக்கு உரியது. கடல்வழிச் சரக்குக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பின் 6.1.4.12 பிரிவும், அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின் 49ஆம் தொகுப்பில் உள்ள 178.516 பிரிவும் இந்த இடத்தில் ஒரே செய்தியைச் சொல்கின்றன: பெட்டியின் வெளிப்பரப்பைக் காப் முறையில் 30 நிமிடம் சோதித்தால், அது உறிஞ்சிய நீரால் ஏறும் எடை சதுர மீட்டருக்கு 155 கிராமைத் தாண்டக் கூடாது. இதில் ‘வெளிப்பரப்பு’, ‘30 நிமிடம்’ ஆகிய இரண்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை.

சோதனை பார்ப்பதற்கு மிக எளிமையானது. சீரான வெப்பநிலையும் ஈரப்பதமும் உள்ள அறையில் பதப்படுத்திய மாதிரித் துண்டை எடைபோட்டு, வெளிப்பக்கம் மேலே வரும்படி வைத்து, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உலோக வளையத்தை அதன்மேல் இறுக்கி, 100 மில்லிலிட்டர் தூய நீரை ஊற்ற வேண்டும்; ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும். குறித்த நேரம் முடிந்ததும் நீரைக் கொட்டிவிட்டு, ஒற்றுத்தாளை மேலே வைத்து, 10 கிலோ எடையுள்ள உருளையை முன்னும் பின்னுமாக ஒருமுறை உருட்டி, உடனே மீண்டும் எடைபோட வேண்டும். கிராமில் வரும் வித்தியாசத்தை 100ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு வந்துவிடும். ஆகவே 155 என்ற வரம்பு, உங்கள் கையிலுள்ள துண்டில் வெறும் 1.55 கிராம் நீர்தான். இவ்வளவு சிறிய எடையை அளக்கும்போது, வளையத்தின் விளிம்பில் கசிந்த சில சொட்டு நீர்கூட முடிவைத் தலைகீழாக்கிவிடும். நெளி அட்டையில் இந்த ஆபத்து அதிகம். வளையத்தைத் தளர்வாக வைத்தால் மேல்தாளின் மேடுபள்ளங்கள் வழியாக நீர் வெளியேறும், அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளிருக்கும் ஃப்ளூட் (நெளிந்த நடுத்தாள்) நசுங்கும். கசிந்த துண்டையும், நீர் மறுபக்கம் வரை ஊடுருவிய துண்டையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குவதுதான் முறை. ஊடுருவல் அடிக்கடி நேர்ந்தால் மேல்தாளை மட்டும் வெட்டிச் சோதிப்பதை விட்டுவிட்டு, ஒட்டி முடித்த அட்டையையே சோதியுங்கள்.

இனி 60 வினாடிக் கணக்குக்கு வருவோம். நுண்துளைகள் வழியாக நீர் ஊறும் அளவு, தோராயமாக நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 60 வினாடிக்கும் 30 நிமிடத்துக்கும் இடையே முப்பது மடங்கு. முப்பதின் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5. அந்தக் கணக்குப்படி 60 வினாடியில் 30 கிராம் உறிஞ்சிய தாள், 30 நிமிடத்தில் ஏறத்தாழ 164 கிராம் உறிஞ்சும். அதாவது வரம்பைத் தாண்டிவிடும். உண்மையான தாள் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையில் ரோசின் அல்லது ஏ.கே.டி. என்ற நீர்தடுப்பு வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்யும் சைசிங், நீர் தாளுக்குள் நுழைவதைத் தாமதப்படுத்துகிறது. நன்றாகச் சைசிங் ஆன தாள், வர்க்கமூலக் கணக்குக்கு மிகவும் கீழேயே நின்றுவிடலாம். மேற்பரப்பில் மட்டும் தடுப்பு இருந்து உள்நார் காப்பில்லாமல் இருக்கும் தாளோ, முதல் நிமிடத்தில் அருமையாக நடந்துகொண்டு, பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு தாராளமாகக் குடிக்கத் தொடங்கலாம். 60 வினாடியில் ஒரே எண்ணைக் காட்டிய இரு தாள்களில் ஒன்று தேறி மற்றொன்று தவறுவதற்குக் காரணம் இதுதான். ஒரு நிமிட எண்ணை எந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டாலும் முப்பது நிமிட எண்ணாக மாற்ற முடியாது. ஆலையின் அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு அது நல்ல அளவுகோல். சான்றிதழுக்கு அது சான்றாகாது.

இந்த வரம்பு பொதியல் குழுவை (சரக்கின் அபாய அளவைக் காட்டும் வகைப்பாடு; முதல் குழுவே மிக அபாயமானது) பார்த்து மாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பெட்டியைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் முதல் குழுவுக்கு 1.8 மீட்டர், இரண்டாம் குழுவுக்கு 1.2 மீட்டர், மூன்றாம் குழுவுக்கு 0.8 மீட்டர் என்று உயரம் குறைந்துகொண்டே வரும். நீர் உறிஞ்சலுக்கு அப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை. கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்திலிருந்து கப்பலேறும் பாதுகாப்புத் தீப்பெட்டிகள் ஐ.நா. எண் 1944இன்கீழ் மூன்றாம் குழுவில் வருபவை. அவற்றின் வெளிப்பெட்டிக்கும் அதே 155தான்.

155க்குள் வந்த பெட்டி மழையைத் தாங்கும் என்று வாங்குபவரிடம் உறுதியளித்துவிடாதீர்கள் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். காப் சோதனை திரவ நீரை மட்டும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும், அரை மணி நேரம் மட்டும் பார்க்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது அளப்பதே இல்லை. சைசிங் நீராவியைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. மூன்று மீட்டர் அடுக்குக்கு ஈடான சுமையை 24 மணி நேரம் ஏற்றிப் பார்க்கும் அடுக்குச் சோதனைகூட, 23 பாகை செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் போன்ற தரப்படுத்திய நிலையில் பதப்படுத்திய பெட்டியில்தான் நடக்கிறது. கன்டெய்னருக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால், அதே பெட்டியின் அமுக்கு வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இரவில் கன்டெய்னரின் கூரை குளிர்ந்து, உள்ளே நீர் கோத்துச் சொட்டும் பயணங்களில் இரண்டு தாக்குதலும் சேர்ந்தே வரும். சாதாரண ஸ்டார்ச் பசை நனைந்தால் ஃப்ளூட் தாளை விட்டுப் பிரிவதையும் காப் எண் காட்டாது. அதற்கு நீர் தாங்கும் பசையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்காகக் காப் எண்ணை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதும் நல்ல வழி அன்று. சைசிங் மிகுந்த தாளில் பசை ஊறிப் பிடிக்காது. அச்சு மையும், காகிதப் பட்டையும் தடுமாறும். ஃப்ளூட் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும் என்று அதே விதி சொல்வதால், ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றொன்றில் தவறிவிடுவீர்கள்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். கொள்முதல் ஆணையிலேயே ‘காப், 30 நிமிடம், வெளிப்பக்கம்’ என்று தெளிவாக எழுதி, 155க்குச் சற்றுக் கீழான ஓர் எண்ணை உங்கள் சொந்த வரம்பாக வையுங்கள். 150ஐத் தொட்டு நிற்கும் தாள், அடுத்த ரீலில் தாண்டிவிடும். ஏ.கே.டி. சைசிங் முழுப் பயனைத் தரச் சில நாள்கள் பிடிக்கும் என்பதால், ஆலையிலிருந்து வந்த சூட்டோடு எடுத்த எண்ணை மட்டும் வைத்து ஒரு ரீலைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நம் நாட்டில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் போன்ற அமைப்பு சோதித்துச் சான்று அளித்தது நீங்கள் அன்று கொடுத்த வடிவத்துக்கும் அன்று பயன்படுத்திய தாளுக்கும்தான். விலை குறைவு என்று வேறு ஆலைத் தாளுக்கு மாறினால், பெட்டியில் 4ஜி குறியீட்டை அச்சிடுவதற்கு முன் குறைந்தபட்சம் இந்த 30 நிமிடச் சோதனையைச் செய்து, துண்டுகளின் எடைகளைத் தேதியோடும் ரீல் எண்ணோடும் பதிந்து வையுங்கள், தாளின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) அல்லது அடுக்குகளின் எண்ணிக்கை மாறினால், பெட்டியையே மறுபடியும் சான்றுக்கு அனுப்ப வேண்டுமா என்று சான்றளித்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.