சுலோசனாவை வீழ்த்தியது பேசும்படமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மௌனப்பட நாயகி சுலோசனா பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கினார். பேசும்படம் வந்ததும் இந்துஸ்தானி மொழி தெரியாததால் ஒரேயடியாகக் காணாமல் போனார் என்றார்கள். உண்மையா? அவர் நடித்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கவர்னர் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், அவருடைய சம்பளப் பட்டியலை யார் பார்த்தார்களோ! மாதம் 5000 ரூபாய் வாங்கினார் என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. எனக்கு இடிப்பது அந்தக் ‘காணாமல் போனார்’தான். ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லும் கதையைத் தூக்கிவந்து பம்பாயில் ஒட்டியிருக்கிறார்கள்.

சுலோசனா 1907இல் புனேயில் பிறந்தவர். கோஹினூர் படக் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டபோது முதலில் மறுத்திருக்கிறார். ‘நல்ல குடும்பத்து’ப் பெண்கள் கேமரா முன் வராத காலம். யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர் துணிந்து வந்தார்கள். வந்ததும் பெயர் மாற்றிவிடுவார்கள். ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனார், ரெனி ஸ்மித் சீதா தேவி ஆனார்.

1928இல் இந்த இருவருமே போட்டிப் படங்களில் முகலாய இளவரசன் சலீமின் காதலி அனார்கலியாக நடித்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. திரையில் உதடு அசையும், இடையே எழுத்து அட்டை வரும். ஒரே அட்டையில் இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம் என்று பல மொழிகள் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அனார்கலியின் சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று கேட்கவே அங்கே இடமில்லை.

அவர் வெறும் அழகுப் பதுமையாக வந்துபோனவரும் அல்ல. ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926), ‘இந்திரா பி.ஏ.’ (1929) என்று தலைப்பிலேயே வேலையும் படிப்பும் கொண்ட பெண்களாக வந்தார். ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’யில் (1927) எட்டு வேடங்கள்: தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வெள்ளைக்காரி என்று போகிறது பட்டியல். நாம் ‘நவராத்திரி’யில் சிவாஜியின் ஒன்பது வேடங்களைப் பார்த்து வாய்பிளந்ததற்கு 37 ஆண்டுகள் முன்னால்!

1931இல் அடி விழுந்தது உண்மை. இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்தது அப்போது அவர் பணியாற்றிய இம்பீரியல் கம்பெனியேதான். அதன் முதலாளி அர்தேஷிர் இரானி, கம்பெனியின் பெரிய நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஜுபைதாவைக் கதாநாயகியாகப் போட்டார். சுலோசனா உட்கார்ந்து இந்துஸ்தானி படித்தார். அடுத்த ஆண்டே ‘மாதுரி’யில் திரும்பி வந்தார். அது அவருடைய பழைய மௌனப்படம், இப்போது குரலோடு. பிறகு ‘இந்திரா எம்.ஏ.’ (1934). பேசத் தொடங்கியதும் பட்டமும் ஒரு படி ஏறிவிட்டது! 1935இல் மறுபடி ‘அனார்கலி’. 1936இல் அந்தப் பம்பாய்க் காட்டுப்பூனையும் (‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’) பேசியது. காணாமல் போனவர் செய்கிற காரியமா இது?

என் கணிப்பில் அவரைச் சாய்த்தவை வேறு. ஒன்று, பாட்டு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் இம்பீரியலில்தான் உருவானது. அதில் வந்த நம் டி.பி. ராஜலக்ஷ்மி மேடையில் பாடி நடித்துப் பழகியவர். இந்துஸ்தானியை ஓராண்டில் படித்துவிடலாம், மேடைப் பயிற்சியை எங்கே போய்ப் படிப்பது? இன்னொன்று, அவருடைய புகழ் ஒரு கம்பெனியையும் ஒரு ஜோடியையும் நம்பி நின்றது. இம்பீரியல் 1938இல் மூடப்பட்டது. கதாநாயகன் டி. பில்லிமோரியாவுடனான ஜோடியும் 1939க்குப் பிறகு இல்லை. அதன்பின் கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. 1983இல் பம்பாயில் காலமானார்.

மௌனப்படங்களைத் தேடிச் சலிக்காதீர்கள். அக்கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், நாளாக ஆக மக்கிப்போகும். இந்திய மௌனப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. வெறுமனே ‘சுலோசனா’ என்று தேடினால் சுலோசனா லட்கர் வந்து நிற்பார், அவர் வேறு. 1953இல் வந்த ‘அனார்கலி’யைப் பாருங்கள். பீனா ராய்தான் அனார்கலி. சலீமின் தாய் ஜோதாபாயாக வருகிறாரே, அவர்தான் நீங்கள் தேடும் ரூபி மையர்ஸ்.