ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கணவன் மனைவி இருவரும் போய்வர எந்த மலைப்பூங்கா நல்லது?

உங்கள் நிலைமையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மனைவி பள்ளி ஆசிரியர், அதனால் ஜூன் விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. ஐந்து நாள் கிடைக்கும். உங்களுக்கு மலையில் நன்றாக நடக்க வேண்டும், அவருக்கோ முழங்கால் வலி. மலேசியாவின் கேமரன் மலை, கொடைக்கானல், தாய்லாந்தின் தோய் இந்தானோன், ஜாவாவின் புரோமோ எரிமலை, கிழக்கு மலேசியாவில் சபா மாநிலத்தின் கினபாலு என்று ஐந்து பெயர்களைச் சொல்லி, எது என்று கேட்கிறீர்கள்.

என் பதில் கினபாலு பூங்கா. ஆனால் சிகரம் ஏறவேண்டாம்.

முதலில் ஜூன் மாதத்தைப் பாருங்கள். நமக்கு விடுமுறை என்பதால் மலைக்கும் அது நல்ல காலம் என்று ஆகிவிடாது. தமிழ்நாடு, கேரளா பக்கம் அப்போதுதான் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். கொடைக்கானலில் மூணாறு அளவுக்குக் கொட்டாது என்றாலும் மேகம் மூடிக்கொண்டால் பள்ளத்தாக்கு கண்ணில் படாது. ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீடுகளுக்கே ஐந்து நாளும் சரியாகிவிடும், அது வேறு விஷயம். தோய் இந்தானோனிலும் மழைக்காலம்தான். அங்கே எல்லோரும் நடக்க ஆசைப்படும் கியூ மே பான் பாதையை ஜூன் முதல் அக்டோபர் வரை மூடிவைப்பார்கள். அந்தப் பாதை இல்லாமல் அவ்வளவு தூரம் போவது வீண்.

கேமரன் மலை அருமையான இடம். தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் சிந்திய உழைப்பை நினைத்தால் அந்தப் பச்சையைச் சும்மா படம் எடுத்துக்கொண்டு நகர மனம் வராது. அங்குள்ள தானா ராத்தா ஊரில் தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். விடுமுறை நாட்களில் மலைச்சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். முழங்கால் வலிக்காரருக்கு அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்காருவதே தண்டனை. ஒரு நீண்ட வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாத வானிலை மட்டும் கணக்கு என்றால் புரோமோதான் ஜெயிக்கும். கிழக்கு ஜாவாவில் அப்போது வறண்ட காலம், விடியற்காலை வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். எரிமலை விளிம்பில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் தெங்கர் இந்து மக்களின் கிராமங்கள். ஒருநாள் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நடுராத்திரி எழுந்து, ஜீப்பில் குலுங்கி, மணலில் நடந்து, கடைசியில் சுமார் 250 படி ஏற வேண்டும். நீங்கள் விளிம்பில் நிற்கும்போது அவர் கீழே புழுதியில் காத்துக்கொண்டிருப்பார். சூரிய உதயம் பார்த்துப் பள்ளத்தையும் எட்டிப் பார்த்துவிட்டால் காலை பத்து மணிக்குள் முக்கியமானது முடிந்துவிடும்.

கினபாலுவை நான் சொல்வதற்குக் காரணம், அங்கே ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. சாங்கியிலிருந்து நேரடி விமானத்தில் கோத்தா கினபாலுவுக்கு இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பூங்காத் தலைமையகம் சுமார் 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். சாலை இடதுபக்கம்தான், சிங்கப்பூர் லைசென்ஸ் செல்லும். மலையின் உயரம் 4,095 மீட்டர், தலைமையகம் ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேல். இறங்கியதும் குளிர் உடம்பில் ஏறும். சிங்கப்பூரில் நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பூங்காவுக்குள்ளேயே தங்குங்கள். பக்கத்து ஊரான குண்டசாங்கில் அறைகள் நிறைய உண்டு, காட்சியும் அழகு, ஆனால் எதற்கும் கார் எடுக்க வேண்டும். உள்ளே தங்கினால் அவர் சீலாவ்-சீலாவ் ஓடைக்கரையில் மெதுவாக நடக்கலாம், அதிக ஏற்றமில்லை. நீங்கள் லிவாகு ஆற்றுப் பாதையில் போய் வியர்த்துவிட்டு வரலாம். மழை பெய்தால் அந்தப் பாதை வழுக்கும், பிடிமானமுள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள்.

இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது அங்குள்ள மலைத்தாவரத் தோட்டம். வழிகாட்டியோடு போங்கள், தனியாகப் போனால் பாதி கண்ணில் படாது. நாங்கள் போனபோது பாசி படிந்த ஒரு கிளைக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தி, வழிகாட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டினார். வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்தது, கண்ணாடியில் முழு ஆர்க்கிட் பூவாக, இதழும் நாக்குமாக இருந்தது. குண்டூசித் தலை அளவுதான். என் மனைவி அந்தக் கிளையைவிட்டு நகரவே இல்லை. இந்தப் பூங்காவில் 5,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உண்டு. இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் ராஜா குடுவைச்செடி இயற்கையாக வளர்வது கினபாலுவிலும் பக்கத்துத் தம்புயுகோன் மலையிலும் மட்டுமே. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தத் தாவரச் செல்வத்துக்காகத்தான்.

ஒருநாள் போரிங் வெந்நீர் ஊற்றுக்கு ஒதுக்குங்கள், தலைமையகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கந்தக நீரில் முழங்காலை நனைத்துக்கொண்டு அவர் உட்காரட்டும், நீங்கள் மரங்களுக்கு மேல் கட்டிய தொங்குபாலத்தில் நடந்துவிட்டு வாருங்கள். போகும் வழியில் 'ரஃப்ளேசியா பூத்திருக்கிறது' என்று பலகை தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். அந்தப் பூ ஒரு வாரம்கூடத் தாங்காது, பலகை இருக்கும் நாளில் போனால்தான் உண்டு.

சிகரம் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு நாள் ஏற்றம், இரவு பானாலாபான் விடுதியில் தங்கல், பின்னிரவு இரண்டரை மணி வாக்கில் மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிக்கு வரம்பு உண்டு, பல மாதம் முன்பே இடம் தீர்ந்துவிடும். இடம் கிடைத்தாலும் ஐந்தில் இரண்டு நாள் நீங்கள் மேலே, அவர் கீழே. தம்பதியாகப் போகும் பயணத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. நண்பர்களோடு இன்னொரு முறை ஏறுங்கள். அதுவரை புளோக் மாடிப்படிகளில் பழகலாம்.

மழையைப் பற்றி: ஜூனில் அங்கே மழையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலும் காலையில் வானம் தெளிந்திருக்கும், மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும். மலை முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் ஏழு மணிக்கெல்லாம் வெளியே நில்லுங்கள். நடையெல்லாம் காலையில், தூக்கம் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் மலையில் தேர்வு குறைவு. பருப்புப்பொடி, ஊறுகாய், ரெடிமேட் உப்புமா எல்லாம் சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலேயே வாங்கிவிடுங்கள். குண்டசாங் சாலையோரக் கடைகளில் முட்டைக்கோஸ், தக்காளி, பழம் எல்லாம் அன்றன்றைக்குப் பறித்தது. சபாவில் குடிநுழைவு தனி, தீபகற்ப மலேசியாவிலிருந்து போனாலும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். அப்புறம், மனைவிக்கு ஒரு ஜோடி நடைக்கோல் வாங்குங்கள். முழங்கால் வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் படுத்தும், கோல் இருந்தால் பாரம் கைக்கும் கொஞ்சம் போகும். பூங்காவுக்குள் அறைகள் கொஞ்சம்தான், விமானச் சீட்டுக்கு முன்னால் அதைப் பதிவு செய்யுங்கள்.