பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு (கடலோரச் சேத்துல, உப்புத் தண்ணியில வளர்ற காடு) யாரும் உரம் போடறதில்ல, அப்புறம் எப்படி வருஷம் பூரா பச்சையா இருக்கு?

நான் கடலூர் பக்கம்தான், போட்ல போறப்போ எனக்கும் இதே கேள்வி வந்திருக்கு. உரம் வெளியில இருந்தும் வருது, அந்தக் காடே தனக்குத் தானேயும் செஞ்சுக்குது. ஐப்பசி கார்த்திகை மழையில வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டல கொண்டாந்து சேர்க்கும், அது ஒரு பங்கு. மீதிக்கு கீழ சேத்த பாருங்க. பழுத்த இலை மஞ்சளா விழும், ஏன் மஞ்சள்னா விழறதுக்கு முன்னாடியே மரம் அதுல இருக்கிற நைட்ரஜன்ல பாதிக்கு மேல திரும்ப உறிஞ்சிக்குது, எவ்ளோ சிக்கனம் பாருங்க! விழுந்த இலைய நண்டு வளைக்குள்ள இழுத்துட்டுப் போய் கடிச்சு துண்டாக்கும், பாக்டீரியாவும் பூஞ்சையும் அத மக்க வெச்சு நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாத்தையும் சேத்துல விட்டுடும், வேர் மறுபடி எடுத்துக்கும். மக்கின இலைத் துணுக்குல கொஞ்சம், கடல் தண்ணி வத்துறப்போ கடலுக்குப் போகும், இறால் குஞ்சுங்க அதையும் தின்னு வளருது.

தண்ணியும் அப்படித்தான் சுத்துது. வேர் உறிஞ்சுது, இலை ஆவியா விடுது, அது மேகத்துல சேர்ந்து எங்கயோ மழையா இறங்குது. அங்க இருக்கிற வெண்கண்டல் மரத்தோட இலைய நக்கிப் பாருங்க, கரிக்கும்: தண்ணியோட வந்த உப்ப இலை வெளிய தள்ளியிருக்கும்.

ஆனா உப்ப தள்றதுக்கும் ஒரு அளவு இருக்கு, அதனால ஆத்துத் தண்ணி வரத்து ரொம்ப குறைஞ்சா உப்பு ஏறி மரம் பட்டுப்போகும்.