தட்டினால் வைரம் தெரியுமா?

கேள்வி: 14 வயதுத் தேக்கு. மரத்தில் ஒலியின் வேகத்தை அளக்கும் கருவி வைத்தால் உள்ளே வைரம் எத்தனை அங்குலம் பாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமா? (வாழப்பாடி)

தெரியாது. தெரியும் என்று கருவி விற்பவர் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒலியின் வேகம் காட்டுவது மரத்தின் விறைப்பை, அதாவது எளிதில் வளையாத தன்மையை. வைரத்தின் அகலம், நிறம் எதுவும் அதில் வராது. அதற்குப் பென்சிலைவிட மெல்லிய குச்சியாக மரத்தை உருவியெடுக்கும் துளைப்பான்தான் வழி.

கேள்வி: மலைவேம்பு வெட்டப்போகிறோம். ஒரே வயது மரங்களைத் தரம் பிரிக்க முடியுமா? (ஆத்தூர்)

இதற்குத்தான் அந்தக் கருவி. பட்டையைத் தாண்டி மரத்தில் பதியும்படி இரண்டு ஊசிகளை மேலும் கீழுமாக அடிக்கிறோம். இடைவெளி 1.2 மீட்டர் என்று வையுங்கள். ஓர் ஊசியைச் சின்னச் சுத்தியலால் தட்டினால், அதிர்வு மற்றதை எட்ட எத்தனை மைக்ரோ நொடி ஆனது என்று திரை காட்டும். 300 என்றால் வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர். பக்கத்து மரம் 400 காட்டினால் 3 கிலோமீட்டர். கொஞ்ச வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் வருவதுதான் விறைப்பு. அடர்த்தி ஒன்றே என்றால் 16-க்கு 9. முதல் மரம் ஏறக்குறைய 1.8 மடங்கு விறைப்பு. சுற்றளவில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் நிற்கும்!

ஒரு மரத்தைத் தட்டிவிட்டுத் தோப்புக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். ஊசி அளப்பது வெளிப்புற மரத்தை. நடுக்குருத்தையொட்டிய இளமரம் அதைவிடத் தளர்வாகவே இருக்கும்.

கேள்வி: சரிவில் நிற்கும் சில்வர் ஓக்கில் மேல்பக்கம் ஓர் எண், கீழ்ப்பக்கம் வேறு எண். கருவி பழுதா? (ஏற்காடு)

பழுதில்லை. சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் நாரை வளர்க்கும். அங்கே ஒலி பெரும்பாலும் வேகமாக ஓடும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். மிளகுக் கொடியை விலக்கிவிட்டு ஊசி அடியுங்கள். நான் சோம்பல்பட்டு ஒருமுறை கொடியையே குத்திவிட்டேன். எஸ்டேட் மேஸ்திரி அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே மேஸ்திரி கவாத்துக் கத்தியின் பின்புறத்தால் ஒரு மரத்தைத் தட்டி, "இது கூடுங்க" என்றார். உள்ளே பொந்து என்று அர்த்தம். ஊசிகளைக் குறுக்கே எதிரெதிராக வைத்துப் பார்த்தேன். அதே பருமனுள்ள நல்ல மரத்தைவிட நேரம் கூடுதல். பொந்தைத் தாண்ட முடியாமல் ஒலி சுற்றிப் போகிறது. மேஸ்திரி சொன்னது சரி.

கேள்வி: கருவி வாங்க வசதியில்லை. (மேச்சேரி)

வெட்டிய கட்டைக்குக் கைப்பேசி போதும். கட்டையை மண்ணில் கிடத்தாமல் இரண்டு தாங்கல்மேல் வையுங்கள். ஒரு முனையைச் சுத்தியலால் தட்டி, மறுமுனையில் அதிர்வெண் காட்டும் செயலியைப் பிடியுங்கள். நீளத்தை இரட்டித்து, முதல் அதிர்வெண்ணால் பெருக்குங்கள். 3 மீட்டர் கட்டை, 600 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 3,600 மீட்டர். ஈரக் கட்டையையும் காய்ந்த கட்டையையும் ஒப்பிடாதீர்கள். ஒரே நாளில் வெட்டியவற்றைத் தட்டிப் பாருங்கள்.