கால் சுற்றில் நின்ற பிளக்

கேள்வி: ஊர் தங்கச்சிமடம். நான் துபாயில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் 100 சிசி பைக் இரண்டு வருஷமாக வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. லீவில் வந்திருக்கிறேனே, ஓட்டிப் பார்ப்போம் என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனேன். கால் சுற்று வந்தது, பிறகு அசையவில்லை. அழுத்தினால் கிறீச்சிடுகிறது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் திருகு என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. செய்யலாமா? மச்சானின் வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினிலும் பிளக் அடிக்கடி இறுகிக்கொள்கிறது. வராமல் தடுக்க வழி உண்டா?

பதில்: குழாயை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. பிளக் மசிகிறதா, மரையை அறுக்கிறதா என்று உங்கள் உள்ளங்கைக்குத்தான் தெரியும். இரண்டடிக் குழாயைச் செருகிவிட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பழைய ஸ்கூட்டரில் நானும் குழாய் போட்டவன்தான். 'டக்'கென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கையில் வந்தது அறுகோணத் தலை மட்டும். மரைப் பகுதி எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு மரை கழன்றது பிளக்குக்கா எனக்கா என்று பட்டறையில் ரொம்ப நாள் கேலி பேசினார்கள்.

உங்கள் வண்டியில் என்ன நடந்திருக்கிறது? ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம். அரித்தது வெள்ளைப் பொடியாக மாறி, முன்பிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடித்து, மரை இடுக்கில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் ராமேஸ்வரம் தீவில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கடல் காற்றுதான். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டிவந்தது. தார்ப்பாய் வெயிலை மறைக்கும். உப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளவும் செய்யும்.

கால் சுற்று வந்தது நல்ல விஷயம். பிளக்கின் வாஷர் ஹெட்டோடு இறுகி உட்கார்ந்திருக்கும்வரை மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் மரைக்கு இறங்காது. ஒருத்தர் மூன்று நாள் ஊறப்போட்டேன் என்பார். ஊறியது வாஷரின் மேல்பக்கம்தான். உங்களுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது.

முதலில் பிளக் குழியைச் சுத்தம் பண்ணுங்கள். சைக்கிள் பம்பில் மெல்லிய குழாய் மாட்டி அடித்தால் போதும், கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழியில் இருக்கும் மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் அதன் உட்சுவரைக் கீறிவிடும். பிறகு துரு இளக்கும் ஸ்ப்ரேயைக் குழிக்குள் அடியுங்கள். அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விடலாம், வேலை மெதுவாகத்தான் நடக்கும். கோலா பானம் ஊற்றச் சொல்வோர் உண்டு. அதில் இருப்பது அமிலமும் சர்க்கரையும்; அலுமினியத்துக்கு இரண்டும் வேண்டாம். இனி பிளக்கை வந்த வழியிலேயே உள்ளே திருப்புங்கள். கழற்றத்தானே கேட்டேன் என்பீர்கள். கிறீச் சத்தம் என்றால் இடுக்கில் பொடியோ கரியோ சிக்கி அலுமினியத்தைச் சுரண்டுகிறது. பின்னால் திருப்பினால் அந்தப் பொடி உதிரும், எண்ணெய் அந்த இடத்துக்கு ஓடும். அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

காலையில் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹெட்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் போடுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை பிளக்கைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இளகும். கேஸ் பர்னர் பக்கம் போக வேண்டாம்: மேலே பெட்ரோல் டேங்க், குழியில் எரியக்கூடிய ஸ்ப்ரே. போதாததற்கு, ரொம்பச் சூடேறிய அலுமினிய மரை மிருதுவாகி பிளக்கோடு பிய்ந்து வந்துவிடும்.

இனிமேல் பொறுமைதான். அரைக்கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே. மறுபடி அரைக்கால் வெளியே, ஒரு சொட்டு எண்ணெய். இறுக்கம் கூடுகிற இடத்தில் நிறுத்தித் திரும்பிவிடுங்கள், அதைத் தாண்டி அழுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். முதலில் மணலில் திருகுவது போல நறநறக்கும். ஒரு கட்டத்தில் நறநறப்பு நின்று வழுவழுவென்று வரும், அப்புறம் விரலாலேயே கழற்றலாம். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ. மரை, 16 மி.மீ. அறுகோணம். அதற்குப் பொருத்தமான பாக்ஸ் ஸ்பேனரை நேராகப் பிடியுங்கள். சாய்ந்தால் வெள்ளைப் பீங்கான் உடைந்து துண்டு உள்ளே போய்விடும்.

வெளியே வந்ததும் மரையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி என்றால் உப்பு அரிப்பு. அடி இரண்டு சுற்றில் மட்டும் கறுப்பு அப்பியிருந்தால் கரி. வெள்ளிச் சரிகை மாதிரி மினுங்கும் இழைகள் சுற்றியிருந்தால் ஹெட்டின் மரையே கொஞ்சம் வந்துவிட்டது. அப்போது புதுப் பிளக்கைத் திணிக்காமல் பட்டறைக்குப் போங்கள். ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரையைப் போட்டுச் சரிசெய்துவிடலாம். பிளக் பாதியில் உடைந்தாலும் அப்படித்தான். ஹெட்டை இறக்கி, லேத் வேலை தெரிந்த கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் ட்ரில் போட்டு வீரம் காட்டும் வேலை இல்லை இது.

மரை நன்றாக இருந்தால் ஒரு பழைய வித்தை. அதே அளவுள்ள பழைய பிளக் ஒன்றின் மரையில் நெடுக்காக ஹாக்ஸா பிளேடால் ஒரு வெட்டு போட்டு, பிசிறை அரத்தால் ராவி, வெட்டில் கிரீஸ் நிரப்பிக் கையால் திருகி இறக்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பொடியெல்லாம் கிரீஸில் சிக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு துளையில் நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, சாவியை அணைத்து, துளை மேல் துணி வைத்து மெதுவாக நாலு உதை உதையுங்கள். இரண்டு வருஷப் பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும்.

புதுப் பிளக் வாங்கப் பழையதைக் கையோடு கொண்டுபோய் மரை நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் கூடினால் எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி பிடித்து அடுத்த முறையும் இதே கதைதான். பிஸ்டனில் இடித்தாலும் இடிக்கும். மாட்டும்போது வாஷர் உட்காரும்வரை விரலால் மட்டும் திருகுங்கள். அதன்பின் ஸ்பேனரால் புதுசுக்கு அரைச் சுற்று, பழையதையே மாட்டினால் அரைக்கால். இறுக்கினால் பத்திரம் என்ற எண்ணத்தில்தான் பாதி மரைகள் போகின்றன.

பிளக் இறுகாமலிருக்க மரையில் காப்பர் பேஸ்ட் தடவலாமா என்பதில் மெக்கானிக்குகளுக்குள் ஒற்றுமை கிடையாது. என்ஜிகே நிறுவனம், தன் பிளக்குகளுக்கு முலாம் இருப்பதால் வேண்டாம் என்கிறது. பேஸ்ட் வழுக்குவதால் அளவுக்கு மேல் இறுகிவிடும் என்பது அவர்கள் பயம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நம் கரையில் நான் தடவுகிறேன்: கடுகளவு, நடு இரண்டு மரையில் மட்டும், நுனிப் பக்கம் படாமல். இறுக்குவதையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வேன்.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. பல ஹெட்டுகளில் பிளக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு. மணலும் சேறும் அதை அடைத்துவிட்டால் கழுவுகிற தண்ணீரெல்லாம் பிளக்கைச் சுற்றிக் குளமாக நிற்கும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். கழுவுவதும் எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். போர் தண்ணீர் உவராக இருந்தால் கழுவியும் பயனில்லை. கடைசி ஒரு குடமாவது குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீராக இருக்கட்டும். பிளக் தொப்பிக்குள் சிலிகான் கிரீஸ் லேசாகப் பூசினால் உப்புக் காற்று உள்ளே போகாது.

மச்சானின் எஞ்சின் டூ ஸ்ட்ரோக் என்றால், மண்ணெண்ணெயிலும் ஓடுகிறதென்றால், அங்கே உப்போடு கரியும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் பெரும்பாலும் 14 மி.மீ. மரை, இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் அளவு. தொழில் நடக்கும்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். கச்சான் என்கிற மேல்காற்று பலமாகி வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாட்களில்தான் இறுகும். கரையேற்றும் அன்றே எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, பிளக் துளையில் கொஞ்சம் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) விட்டு, கயிற்றை இரண்டு இழு இழுத்து, பிளக்கை விரல் இறுக்கத்தில் மாட்டி வைக்கட்டும். திரும்ப இறக்கும் நாளில் மறக்காமல் ஸ்பேனர் போட வேண்டும்.