பாசன சபைத் தலைவரான பெரியப்பா ஏன் மாறினார்?

உங்கள் பெரியப்பா முன்பே கெட்டவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத பதவியே நல்லவரையும் மாற்றும்.

வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் விவசாயிகள் அமைப்பான கீழ்பவானிப் பாசன சபைக்குத் தலைவரானதும் கணக்குக் கேட்டால் கத்துகிறார் என்கிறீர்கள். எங்கள் பக்கத்திலும் பார்த்தேன்: வரப்பில் நின்று நலம் விசாரித்தவர், பதவி வந்த இரண்டே வருஷத்தில் கார் கண்ணாடியை இறக்கவே இல்லை. சுற்றியிருந்தவர்கள் 'ஆமாங்க' தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

அடுத்த கூட்டத்தில் நாலு பேராகப் போய், வாய்க்கால் தூர்வாரிய செலவுக்கு மட்டும் ரசீது கேளுங்கள். காட்டினால் சரி, இன்னும் திருந்த வழியிருக்கிறது. கேட்டவரின் வயலுக்கு முறைவைத்து விடும் தண்ணீரை நிறுத்தினால், அது தெரிந்தே செய்யும் தீமை.

இன்னொன்று, ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஆக்டன் பிரபுவும் 1887இல் ஒரு கடிதத்தில் அதிகாரம் கெடுக்கும் போக்குடையது என்றுதான் எழுதினார்; கட்டாயம் கெடுத்தே தீரும் என்றல்ல. ரசீதைப் பார்க்கும்வரை திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.